புதுசு ஏறாமல் பழசு இறங்காது

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. ஐப்பசியில் பெய்கிற துலா மழை ஓய்ந்திருந்தாலும் மலையோடைகள் இன்னும் நிரம்பி ஓடிக்கொண்டிருந்த நேரம். ஒரு இரண்டாம் சனிக்கிழமை காலையில் பொன்முடிக்குப் போகிற கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வண்டியை நிறுத்திவிட்டு, எங்கள் ஆபீஸ்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் காட்டுக்குள் நுழைந்தோம். ஒரு ஓடையை மேலே பிடித்து, அது விழுகிற அருவி ஒவ்வொன்றிலும் கயிற்றில் தொங்கி இறங்கி, கடைசியில் கீழ் ரோட்டுக்கு வந்து சேர வேண்டும். அதற்குத்தான் ஆபீஸில் எல்லோரும் பெயர் கொடுத்திருந்தார்கள். அருவியைக் கீழே நின்று பார்த்தால் போதாதா, அதன் தலையில் ஏறித்தான் இறங்க வேண்டுமா என்று கேட்கத் தெரியாதவள் இல்லை நான். கேட்கத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

தெம்பு போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். திருவனந்தபுரத்தில் கரமனையில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. அதற்கு முந்தைய வருஷம் அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாகவே நடந்தது. டாக்டர் இனி பயமில்லை என்று சொன்னார், இவரும் மெல்ல மெல்ல நடமாட ஆரம்பித்தார். தேறாமல் போனது நான்தான். நடு ராத்திரியில் எழுந்து அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். அவர் கண்ணைத் திறக்காமலே, “இருக்கேன்ட்டீ, படு” என்பார். குளிக்கப் போய்த் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவைத் தட்டுவேன். ஆபீஸிலிருந்து போன் மேல் போன் செய்வேன். கடைப் பக்கமே விடவில்லை. கொழுந்தன் பார்த்துக்கொள்ளட்டும் என்று வீட்டில் உட்கார வைத்துவிட்டேன். ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தால் ஆபரேஷன் யாருக்கு நடந்தது என்று சந்தேகம் வரும்.

அதனால் பக்கத்து சீட்டுக்காரி என் பெயரையும் சேர்த்துவிட்டு வந்து நின்றபோது, நான் மறுப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். “போய்ட்டு வா. ஒரு நாளு என்னப் பாக்காம இரு. ஒனக்கும் கொஞ்சம் காத்து வேணும், எனக்கும் வேணும்” என்றார். அந்த ‘எனக்கும்’ எனக்குச் சுருக்கென்று தைத்தது. வீம்புக்காகவே கிளம்பிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், கூட்டமான இடம், திருட்டு பயம் என்று தங்கச் சங்கிலியைக் கழற்றிவிட்டுத் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டேன். அவர் பிழைத்து வந்த பிறகு சங்கிலிக்கு மாற மனசு வரவில்லை. அந்தக் கயிறுதான் அவரை இழுத்துக்கொண்டு வந்தது என்று எனக்குள் எப்படியோ பதிந்துவிட்டது. பி.காம். படித்தவள், ஆடிட்டுக்கு வருகிறவர்களையே எதிர்க்கேள்வி கேட்டு உட்கார வைக்கிறவள். ஆனால் அந்தக் கயிற்று விஷயத்தில் மட்டும் என் படிப்பு வாயைத் திறக்காது. எங்கள் வழக்கத்தில் கயிறு நைந்துபோனால் மாற்றிக்கொள்ளலாம், அதில் தோஷமில்லை. ஆனால் புதுக் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டையாவது முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் பழையதை எடுக்க வேண்டும். புதுசு ஏறாமல் பழசு இறங்காது. கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது.

ஓடைக்கரையில் எங்களுக்கு ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், இடுப்பையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கிற பெல்ட் எல்லாம் கொடுத்தார்கள். கூட்டிப்போகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் முதலில் இறங்கிக் கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வார். மேலே நின்று ஒவ்வொருவரையும் மாட்டி இறக்கிவிடுவது ஒரு பெண். இருபத்தைந்து வயசுக்கு மேல் இருக்காது. ஒல்லி. கழுத்தில் கறுப்பு நாடாவில் ஒரு விசில். அருவி இரைச்சலில் பேச்சுக் கேட்காது என்பதால் எல்லா உத்தரவும் விசிலில்தான்.

அவள் முதலில் சொன்னதே நகை விஷயம்தான். கழுத்து மாலை, வளையல், கம்மல் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. கயிறு ஓடுகிற வளையத்தில் சிக்கினால் ஆபத்து என்றாள். பக்கத்து சீட்டுக்காரி தன் தாலிச் சங்கிலியைக் கழற்றி, பஸ் டிக்கெட்டைப் போடுவது போல் பர்ஸுக்குள் போட்டாள். அவள் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் தையல் இல்லை. நான் வளையலையும் கம்மலையும் கழற்றினேன். தாலியை பனியனுக்குள் விட்டு ஊக்குக் குத்தி, மேலே டீ-ஷர்ட், அதற்கு மேலே ஜாக்கெட் என்று மூடிவிட்டேன். அந்தப் பெண் என்னிடம் வந்து, “மால உண்டோ சேச்சி?” என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

முதல் அருவி சின்னது. மாடிப் படிக்கட்டு உயரம்தான். ஆனால் அதன் விளிம்பில் நிற்பதற்கே ஒரு பாடம் நடத்தினாள். ஒவ்வொருவர் பெல்ட்டிலும் கொக்கி வைத்த இரண்டு குட்டைக் கயிறுகள் தொங்கும். மரத்தில் கட்டிய காவல் கயிற்றில் அவற்றை மாட்டிக்கொண்டுதான் நகர வேண்டும். இடம் மாறும்போது முதலில் ஒரு கொக்கியைப் புது இடத்தில் மாட்டிவிட்டு, அதற்குப் பிறகே பழைய இடத்துக் கொக்கியைக் கழற்ற வேண்டும். “ஆத்யம் புதியது இடூ, பின்னே பழயது ஊரூ” என்று காலையிலிருந்து ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள். யாராவது அவசரத்தில் பழையதை முதலில் தொட்டால் கையில் லேசாக ஒரு தட்டு விழும். மேலதிகாரிக்கும் ஒன்று விழுந்தது. அதில் ஆபீஸே மகிழ்ந்துபோனது.

எல்லோரும் இறங்கியதும் கடைசியாக அவள் வந்து, கயிற்றைக் கீழேயிருந்து இழுத்து உருவிச் சுருட்டிக்கொண்டாள். எனக்கு அப்போதே போதும் போதும் என்றாகிவிட்டது. அட்டை வேறு கணுக்காலில் ஏறிவிட்டது. நான் திரும்பிப் போய் வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். அவள் ஈரக் கயிற்றைத் தோளில் போட்டபடி, “இனி மேலோட்டு வழியில்ல சேச்சி, தாழோட்டு மாத்ரம்” என்றாள். ஏறுகிற வழியே கிடையாதாம், இறங்கினால்தான் வீடு. ஒரு வருஷமாக நான் வாழ்கிற வாழ்க்கைக்கும் இதே சட்டம்தானே என்று நினைத்தேன். சிரிப்புக்கூட வரவில்லை.

அதற்கப்புறம் ஒன்றும் நினைக்கவில்லை. வழுக்கல் பாறை, கழுத்தளவுத் தண்ணீர், மறுபடி பாறை. மற்றவர்கள் ஒவ்வொரு அருவியிலும் கூவிக் கும்மாளமிட்டார்கள். எனக்கு எங்காவது படுத்தால் போதும் என்றிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் பின்தங்கிப் பின்தங்கி, பெரிய அருவிக்கு வந்தபோது மேலே மிஞ்சியது நானும் அந்தப் பெண்ணும்தான். இரண்டு தென்னை உயரம் இருக்கும். கீழே தண்ணீர் தேங்கிய பாறைத் தொட்டியில் நிற்கிறவர்களின் ஹெல்மெட்டுகள் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அவள் என் பெல்ட்டில் எட்டு வடிவ வளையத்தை மாட்டி, கயிற்றை அதில் சுற்றிவிட்டு, “பேடிக்கண்டா, பதுக்கே” என்றாள். பயப்படாமல் மெல்ல இறங்கச் சொல்கிறாள்.

பாதித் தூரம் ஒழுங்காகத்தான் இறங்கினேன். அங்கே பாசி படிந்த பாறையில் வலது கால் வழுக்கியது. உடம்பு முன்னால் மடங்கி, ஒரு ஆட்டம் ஆடி, அருவி விழுகிற இடத்துக்கு நடுவிலேயே போய் மோதினேன். ஜாக்கெட் மேலே ஏறிக்கொண்டது. ஊக்கு எப்போது பிடுங்கிக்கொண்டது என்று தெரியாது. மஞ்சள் கயிறு கழுத்து வழியாக வெளியே வந்து வளையத்தின் மேல் விழ, ஓடிக்கொண்டிருந்த கயிறு அதையும் சேர்த்து உள்ளே இழுத்துவிட்டது. கீழே இருந்தவர் ஆபத்து என்று புரிந்து கயிற்றை இழுத்துப் பிடித்ததால் அப்படியே நின்றேன். நின்றபோது என் தாடை அந்த இரும்பு வளையத்தோடு ஒட்டிக் கிடந்தது.

தலையைத் தூக்க முடியவில்லை. பிடரியில் கயிறு அறுத்தது. ஹெல்மெட்டின் மேல் தண்ணீர் கொட்டிய சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. மூச்சை இழுத்தால் பாதிக்குப் பாதி தண்ணீர். ஒரு கையால் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு மறு கையால் சிக்கலைப் பிடுங்கிப் பார்த்தேன். ஈரத்தில் ஊறிய நூல் அசைந்து கொடுக்கவில்லை. தங்கச் சங்கிலியாக இருந்தால் ஒருவேளை அறுந்திருக்கும். நான்தான் கெட்டியாகப் பார்த்துக் கட்டியிருந்தேனே.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, பக்கத்தில் இன்னொரு கயிற்றில் அவள் இறங்கி வந்துவிட்டாள். முதல் காரியமாகத் தன் பெல்ட்டிலிருந்து ஒரு கொக்கியை என் பெல்ட்டில் மாட்டினாள். என் காலுக்கு ஒரு கயிற்று வளையம் கொடுத்து, அதில் ஏறி நிற்கச் சொன்னாள். ஏறிப் பார்த்தேன், உடம்பு எழும்பவில்லை. அவள் என் தாடைக்குக் கீழே விரலை விட்டுத் துழாவினாள். விரலில் தாலி தட்டுப்பட்டதும் முகத்தை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். காலையில் நான் தலையாட்டியது அவளுக்கும் ஞாபகம் வந்திருக்கும். சின்னக் கத்தியை எடுத்து விரித்தாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

கத்தி முனைக்குப் பக்கத்திலேயே என்னைத் தாங்குகிற கயிறு விறைத்து நின்றது. நான் ஒரு திமிறு திமிறியிருந்தால் மஞ்சள் கயிற்றுக்குப் பதில் அது அறுந்திருக்கும். அதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. மலை, அருவி, மூச்சு எதுவும் மனசில் இல்லை. வீட்டில் சாய்வு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பதும், இங்கே இது அறுந்த நொடியில் அங்கே அவர் தலை சாய்வதும்தான் கண்ணுக்குள் ஓடியது.

“கை விடூ சேச்சி” என்றாள். நான் விடவில்லை. எனக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. ஆபீஸில் நாள் முழுக்கப் பேசுவது அதுதான். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. தமிழில்தான் கத்தினேன். “மொதல்ல வேற ஒண்ணு போடணும்! புதுசு கழுத்துல ஏறாம பழச எடுக்கப்பிடாது!”

வேறு யாராக இருந்தாலும் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டு அறுத்திருப்பார்கள். அதில் தப்பும் இல்லை. அவள் முகத்திலும்தான் அருவி அடித்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு கணம் அசையாமல் என்னைப் பார்த்தாள். பிறகு, “ஆத்யம் புதியது. அல்லே?” என்றாள்.

காலையிலிருந்து அவள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் நான் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்தியை மடக்கிக்கொண்டாள். விசில் தொங்கிய நாடாவுக்குப் பின்கழுத்தில் ஒரு கிளிப் இருந்தது. ஒரு கையால் அதை அழுத்தி எடுத்து, என் ஹெல்மெட்டுக்குக் கீழே கையை நுழைத்து, என் கழுத்தைச் சுற்றிப் போட்டு, கிளிப்பை அமுக்கினாள். தாலி கட்டுகிறவர்கள்கூட அவ்வளவு நிதானமாகக் கட்டமாட்டார்கள். “இதா, புதியது இட்டு. இனி பழயது ஊரட்டே?”

நான் கையை விட்டேன்.

அறுந்தது எனக்குத் தெரியவே இல்லை. தலை திடீரென்று மேலே போய் மூச்சு உள்ளே வந்தது, அதுதான் தெரிந்தது. அவள் தாலியைத் தண்ணீரில் விழாமல் உள்ளங்கையில் பொத்தி, என் ஜாக்கெட்டின் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு என்னைத் தன்னோடு சேர்த்துப் பிடித்தபடி கீழே கொண்டுவந்து சேர்த்தாள். தொட்டியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு நான் அழுதேன். பயத்தில் அழுதேனா, அலுப்பில் அழுதேனா என்று சொல்லத் தெரியவில்லை. பக்கத்து சீட்டுக்காரி ஓடிவந்து தாங்கிக்கொண்டாள்.

விசிலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் சேருகிறவரை கிடக்கட்டும் என்றாள். குரலைத் தாழ்த்தி, “இனி கள்ளம் பறயருது, கேட்டோ” என்றாள். பொய் சொல்லாதே என்று என்னைவிட இருபது வயசு சின்னவள் சொன்னதும் சரி என்று தலையாட்டினேன். மிச்சமிருந்த அருவிகளுக்கு அவள் இரண்டு விரலை வாயில் வைத்துத்தான் விசிலடித்தாள்.

கதை அங்கே முடியவில்லை. மலை இறங்கி விதுரை பக்கம் வந்ததும் போனில் சிக்னல் கிடைத்தது. இவருக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், மறுபடியும் செய்தேன். என் கை கழுத்துக்குப் போய் அந்த நாடாவைப் பிடித்துக்கொண்டது. கறுப்பு நாடா என்பது அப்போதுதான் உறைத்தது. மஞ்சளும் இல்லை, மஞ்சள் துண்டும் இல்லை. பிளாஸ்டிக் விசில். இதைத் தெய்வம் கணக்கில் எடுத்துக்கொள்ளுமா? வீடு வருகிறவரை மறுபடி மறுபடி போன் செய்துகொண்டே வந்தேன்.

வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டைப் பிடித்து உலுக்கினேன். எதிர்வீட்டு மாமி வெளியே வந்து, “அவர் அப்பவே ஆட்டோ பிடிச்சு சாலைக் கடைக்குப் போயாச்சே” என்றாள்.

பக்கத்து சீட்டுக்காரி வண்டியைச் சாலைக் கடைத்தெருப் பக்கம் விடச் சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலக் கூட்டம். பாதி வழியிலேயே இறங்கி, சேறும் ஈரமுமாக, மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்களை இடித்துக்கொண்டு ஓடினேன். கடையில் ஒரு அம்மாளிடம் குக்கரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, “அடி கனத்தப் பாருங்கோ, எனக்க காலம் தாண்டியும் இருக்கும்” என்று அவர் சத்தமாக வியாபாரம் பேசிக்கொண்டிருந்தார். குரல் கணீரென்று இருந்தது. அந்தக் குரலை நான் ஒரு வருஷமாகக் கேட்டிருக்கவில்லை. கேட்க விடவில்லை என்பதுதான் சரி.

என்னைப் பார்த்ததும் குக்கரைக் கீழே வைத்தார். “என்னட்டீ இது கோலம்? கழுத்துல என்ன, விசிலா?”

ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த தாலியை எடுத்துக் காட்டினேன். ஏன் போனை எடுக்கவில்லை என்று சண்டையும் போட்டேன். வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்தாராம். கத்தியோடு வந்த கையை நான் பிடித்துக்கொண்ட இடம் வந்தபோது அவர் முகம் மாறியது. கோபம் வந்தால் அவருக்கு உதடு துடிக்கும்.

“எனக்க உயிரு எனக்க நெஞ்சுக்குள்ளயாக்கும் கெடக்கு. ஒனக்க கழுத்துல இல்ல” என்றார். பிறகு குரல் உடைந்து, “நீ அங்க போயிருந்தேன்னா, நான் இங்க இருந்து என்னத்துக்கு?” என்றார்.

கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர் கொழுந்தனிடம் எனக்குச் சாயா வாங்கச் சொல்லிவிட்டு, குக்கர் அம்மாளிடம் திரும்பினார். சாயா வந்ததா என்று எனக்குத் தெரியாது. அண்டாக்களும் குண்டாக்களும் மோதுகிற அந்தச் சத்தத்துக்கு நடுவில், சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறேன். கடை மூடுகிற நேரத்தில்தான் எழுப்பினார்.

மறுநாள் காலையில் புதுக் கயிற்றில் மஞ்சள் துண்டு முடிந்து அவரே கட்டிவிட்டார். அதற்குப் பிறகே விசிலைக் கழற்றினேன். அதைத் தபாலில் அனுப்பிவைத்தேன்; கிடைத்தது என்று ஒரு செய்தி வந்தது. இவர் தினமும் கடைக்குப் போகிறார். எனக்கு இன்னும் பயம் போகவில்லை, ராத்திரியில் எப்போதாவது விரல் தானாக அவர் மூக்குப் பக்கம் போகத்தான் செய்கிறது. ஆனால் அர்த்தமில்லாத ஒரு பயத்தை யாராவது என்னிடம் வந்து சொன்னால், முன்பு போல் நான் சிரிப்பதுமில்லை, வாதாடுவதுமில்லை. கொட்டுகிற தண்ணீரில் கத்தியை மடக்கி வைத்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு, சொன்னவர் தன் பழைய பிடியை விடுவதற்கு முன்னால் பிடித்துக்கொள்ளக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்றுதான் தேடுகிறேன்.